கேஸ்கட்டை அளந்த தம்பி

குழாயக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, கையுறையைக் கழற்றுவாள். அன்று இரண்டையும் கழற்றிப் பட்டறைத் தரையில் வீசிவிட்டு வேன் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பள்ளி வேன் ஓட்டும் பெண்மணி காலையில் வந்து, தான் சொல்லிவைத்த புகைக்குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றிருந்தாள். துருவிக் கேட்டதும், "உங்க தம்பிதாங்க சொன்னார். நீங்க போட்ட குழாயால அவர் வண்டி மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதாம்" என்றாள்.

ஊரான் சொல்லியிருந்தால்கூடப் போகட்டும். கூடப் பிறந்தவன்! எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் துளைகளுக்கு ஏற்றபடி குழாயை வளைத்துப் பற்றவைப்பதுதான் அவள் பிழைப்பு. குழாய் துளையைவிட ஒரு மயிரிழை அகலமாக இருக்கலாம். ஒடுங்கினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ரொம்ப அகன்றால் புகை வேகமிழந்து, வண்டி மேட்டில் திணறும். அதனால் எஞ்சினைப் பார்க்காமல் அவள் குழாயில் கைவைத்ததே இல்லை. இந்த ஒரு தடவை தவிர. தம்பியாயிற்றே என்று, போனில் அவன் சொன்ன அளவை நம்பிவிட்டாள். "நாப்பது மில்லிமீட்டரா? துளையை நீயே அளந்தியா?" என்று கேட்கத்தான் செய்தாள். "என்னைப் பார்த்தா சின்னப் பிள்ளையாட்டமா இருக்கு?" என்றான் துரை.

ஸ்டாண்டில் அவன் காப்பிக் குவளையோடு நாலு டிரைவர்களுக்கு நடுவில் நின்றிருந்தான்.

"கழட்டுடா குழாயை."

"இங்கேயா?"

"இங்கேதானே என் மானத்தை வாங்கினே?"

"எஞ்சின் சூடா இருக்குக்கா."

"என்னை விடவா?"

டிரைவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எஞ்சின் ஆறும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. குழாய் கழன்றதும் பார்த்தாள்: துளையைச் சுற்றி, சுத்தமாக இருக்க வேண்டிய இரும்பில் கரி வட்டமாகப் படிந்திருந்தது; குழாய் துளையைவிட ரொம்ப அகலம். அளவுகோலை அவன் கையில் திணித்தாள்.

"அள."

"முப்பத்தி... நாலு."

"அப்போ நாப்பது எங்கேருந்துடா வந்துச்சு?"

அவன் காதைச் சொறிந்தான். "புது கேஸ்கட் வாங்கி வச்சிருந்தேன்ல... அதோட ஓட்டையை அளந்தேன். பழைய குழாயைக் கழட்ட சோம்பலா இருந்துச்சு."

எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவில் வைக்கிற மெல்லிய தகடுதான் கேஸ்கட். பல எஞ்சின்களுக்கும் ஆகட்டுமென்று அதன் ஓட்டையைப் பெரிதாகவே வெட்டியிருப்பார்கள்.

"பெட்டியை அளந்து செருப்பு தைக்கச் சொன்னியா, மாப்ளே?" என்றார் ஒருவர். ஸ்டாண்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. துளையை அளந்ததாக நம்பவைத்தவன், பழியை மட்டும் எவ்வளவு சரியாகக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்துவிட்டான்!

"சரிக்கா, விடு. புதுசா ஒண்ணு பண்ணிக் குடுத்துடு."

"முதல்ல அந்த வேன்காரம்மாகிட்ட போய்ச் சொல்லு."

"போன்ல சொல்லிடறேன்."

"நீ போன்ல சொன்ன லட்சணம்தான் தெரியுதே. நட."

பள்ளி வேன் கோடியில் நின்றிருந்தது. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா" என்றாள் அக்கா, பின்னாலிருந்து.

"குழாய் மேல தப்பில்லைங்க. நான்தான் அளவைத் தப்பாச் சொன்னேன்."

பெண்மணி துணியைப் பிழிந்து வைத்தாள். "அப்போ நான் வண்டியைக் கொண்டு வரட்டுங்களா?"

"வாங்க. நானே கழட்டி அளக்கறேன்."

"அக்கா, என் வண்டி?"

"அவங்களுக்கு அப்புறம்" என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே.