பன்னிரண்டு பலகையும் ஒரு பூட்டும்

எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பன்னிரண்டு உதைப்பலகைகள் இருக்கின்றன. தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் உதைத்துப் பழகலாம். யாரும் பழகியதில்லை. பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி அவர் இடுப்பில்.

அந்த அலமாரி முன்னால் வாரக்கணக்கில் நின்றவர் பதினேழாம் நம்பர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தே முதுகைத் தொலைத்தவர். டிப்போ டாக்டர் ஆறு மாதம் கெடு வைத்தார். அதற்குள் இடுப்பு தேறினால் ஸ்டியரிங். இல்லாவிட்டால் டிப்போ வாசலில் நின்று, வந்துபோகும் வண்டிகளின் நம்பரை எழுதும் வேலை.

"அதுக்கு நான் எதுக்கு? சுவத்துல ஒரு கேமரா போதுமே" என்று வீட்டில் பொருமினார்.

"கேமரான்னா குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லாது. அதையே வெச்சுக்கலாம்" என்றார் மனைவி.

பிசியோதெரபி பெண் சொன்ன மருந்து எளிது. பலகையை நீட்டிப் பிடித்து, தினம் அரை மணி நேரம் கால் உதைக்க வேண்டும். உடம்பு பலகைபோல் நேராக மிதக்க, வயிறும் முதுகும் சேர்ந்து வேலை செய்யும்.

"ஒரு பலகை குடுங்க சார்" என்று போய் நின்றார் டிரைவர்.

"குடுத்தா பழசாயிடும்" என்றார் மேனேஜர். "ஆய்வுக்கு வர்றப்போ பன்னண்டும் புதுசா இருக்கணும்."

"எப்ப சார் வருவாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் பூட்டி வெக்கிறேன்?"

விரிப்பு கசங்கும் என்று நோயாளியைத் தரையில் படுக்கப் போடும் ஆஸ்பத்திரி உண்டா? இல்லை என்றால், இந்த மேனேஜரை அங்கே இன்னும் மாற்றவில்லை என்று அர்த்தம். டிரைவர் குளத்தின் தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினார். உரிய வழியில் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. உரிய வழி, மேனேஜர்.

வேறு வழியில்லாமல் வெறுங்கையோடு இறங்கினார். முதல் நாள் பின்னால் போனார். பெடலை மிதித்துப் பழகிய பாதம், தண்ணீரிலும் விரலை நிமிர்த்திக்கொண்டே உதைத்தது. வண்டி ரிவர்ஸில் நகர்ந்தது. பாதத்தை நீட்டப் பத்து நாள் ஆயிற்று. அடுத்த வில்லங்கம், தலை. குனிந்து தரையைப் பார்த்தால்தான் இடுப்பு மேலே வரும். இவரோ முன்னால் பார்த்துக்கொண்டே போனார். இடுப்பு கல்லாக இறங்கியது.

கரையிலிருந்து மனைவி சொன்னார்: "எதிர்ல என்ன லாரியா வருது? தலையப் போடுங்க."

தலையைப் போட்டார். நான்காம் மாதம் கை இரண்டையும் பக்கத்தில் ஒட்டி, வயிற்றை எக்கி, கால் உதைக்கும் வேகத்திலேயே குளத்தைக் கடந்தார். ஆறாம் மாதம் டாக்டர் அமுக்கினார், மடக்கினார், தூக்கிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

செய்தி கேட்டு மேனேஜர் சொன்னது இது: "பலகை குடுத்திருந்தா அதுமேல சாஞ்சே பொழுத ஓட்டியிருப்பீங்க. அதான் பூட்டினேன்." வருட அறிக்கையிலும் எழுதிவிட்டார், தம் பயிற்சியில் தேறியவர் என்று. அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதுதான் வயிற்றெரிச்சல். மழையில் நனைந்தவனுக்கு அழுக்குப் போயிற்று என்பதற்காக, குடையைப் பிடுங்கினவனுக்கு மாலை போடுவதா? நீந்தவும் தெரியாமல், பலகையும் கிடைக்காமல், சுவரைப் பிடித்தபடி நிற்கிறவர்கள் தினம் எத்தனை பேர்.

ஸ்டியரிங் பிடித்த முதல் காலை, மேனேஜர் பதினேழில் ஏறினார். முன் சீட் காலி.

"உக்காராதீங்க சார்" என்றார் டிரைவர்.

"ஏன், உடைஞ்சிருக்கா?"

"புதுசு சார். உக்காந்தா பழசாயிடும். ஆய்வுக்கு வர்றாங்களாம்."

"விளையாடறீங்களா? இது ஜனங்க உக்கார்ற சீட்டு."

"அந்தப் பலகை யாரு உதைக்கிறதுக்கு சார்?"

பஸ் முழுக்க அவரைப் பார்த்தது. மேனேஜர் கம்பியைப் பிடித்து, குளம் வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.

அலமாரியைத் திறந்திருப்பார் என்று நேற்றுப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டும் புத்தம் புதுசு. மேனேஜர் இப்போது பதினெட்டாம் நம்பரில் வருகிறாராம். அது குளத்துப் பக்கம் வராது. கடைசி ஒன்றரை மைல், இடுப்பில் சாவி குலுங்க, நடந்தே வருகிறார்.