துறைமுகத்தைத் தொட்டால் மூடிக்கொள்ளும் விளையாட்டு

லேத்துக்காரர் தன் மனைவியின் தம்பிக்கு ஐயாயிரம் கடன்பட்டிருந்தார். கணினியில் படம் திக்காமல் ஓட ஒரு கார்டு வாங்கிய கடன். இரும்பு கடையும் ஒற்றை லேத்தில் ஆரம்பித்து மூன்று வீடு கட்டிய மனுஷனுக்கு ஐயாயிரம் ஒரு காசா? ஆனால் ராஜ்ஜியம் பிடிக்கிற கணினி விளையாட்டில் மைத்துனனைத் தோற்கடித்தே கடனைக் கழிப்பதாகச் சவால் விட்டிருந்தார். தோற்றால் அங்கேயே பணம். அதுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம். காலையிலோ, துறைமுகத்தைக் கிளிக் பண்ணியதும் விளையாட்டு பொத்தென்று மூடிக்கொண்டது.

"ஓடலன்னாலும் தோத்த கணக்குதான் மாமா," என்று மைத்துனன் போனில் சிரித்தான்.

"நீ வா மாப்ள. நாலாங்கிளாஸோட நின்னவன் நான். எத்தனை மெஷினப் பேச வச்சிருக்கேன்!"

விளையாட்டின் மேல் வெளியாட்கள் செய்து போடும் ஒட்டுவேலைக்கு மோட் என்று பேர். அவர் கணினியில் ஒரு கூட்டமே இருந்தது. அதில் ஒன்று அவரே செய்தது. துறைமுகத்தின் விலையைப் பாதியாக்கும் மோட்.

லேத் அதிர்ந்தால் கழற்றித்தானே பார்க்க வேண்டும்? பாதி மோட்களை அணைத்தார். ஓடியது. அணைத்ததில் பாதியைத் திரும்பப் போட்டார். மூடிக்கொண்டது. இப்படியே குறுக்கிக்கொண்டு வந்ததில் இரண்டு மாட்டின. ஒன்று துறைமுகத்தில் புயலடிக்க வைக்க யாரோ செய்த புயல் மோட், இன்னொன்று அவருடையதேதான்! தனித்தனியே இரண்டும் சாது. சேர்ந்தால் ஒரே துறைமுகத்துக்கு அடிதடி.

புயல் மோட்டின் குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். துறைமுகத்தை மாற்றும் வேறு மோட் இருந்தால் இதற்குக் கீழே வைக்கணுமாம். கீழே இருப்பதன் சொல்தான் செல்லுமாம். அவரோ தன்னுடையதைப் பட்டியலின் உச்சியில் வைத்திருந்தார். முதலாளி வேறெங்கே உட்காருவார்?

"என் வேலை எல்லாத்துக்கும் கீழயா?"

"இந்த வீட்டுலயும் மேல உட்கார்ந்திருக்கறது நீங்கதான்," என்றாள் மனைவி, துணி மடித்தபடி. "கடைசியா முடிவு சொல்றது யாரு?"

தன் மோட்டை இழுத்துக் கீழே போட்டார். துறைமுகம் ஜம்மென்று எழும்பியது.

மைத்துனன் வந்தான். ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடினார்கள். லேத்துக்காரர் துறைமுகமாகக் கட்டித் தள்ளினார். அப்புறம்தான் உறைத்தது, மைத்துனனும் பாதி விலைக்கே கட்டிக்கொண்டிருந்தான். மோட்டுக்கு உன் ஆள் என் ஆள் தெரியுமா? நீளமான கடற்கரை வேறு அவன் பக்கம். காபி ஆறுவதற்குள் அவன் கப்பல்கள் தலைநகரை வளைத்துப் பிடித்துவிட்டன.

"என்ன மாமா, பணம் எங்க?"

"யாரு செஞ்ச மோட்டுல ஜெயிச்ச? அத மொதல்ல சொல்லு."

"நீங்க செஞ்சதுலதான்."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

"நீங்களேதான் மாமா. காசு மட்டும் எனக்கு." உள்ளங்கையை விரித்தான்.

லேத்துக்காரர் உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். மேடையில் பரிசு கொடுக்கிற தலைவரைப் போல நிமிர்ந்து நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில், ஒவ்வொரு தாளாக அந்தக் கையில் எண்ணி வைத்தார்.