சூடுபட்ட பயணச்சீட்டு

என் கணவரிடம் ஒரு லமினேட் மெஷின் இருக்கிறது. நான் கொண்டுவந்த நகைகளைக்கூட அவர் இவ்வளவு பத்திரமாகத் துடைத்து மூடி வைத்ததில்லை. மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ், எங்கள் குடியுரிமைக் கடிதங்கள், அந்தோனியார் படம், சோறு அவிக்கும் குக்கரின் உத்தரவாத அட்டை, எல்லாம் அந்த மெஷினின் வாய்க்குள் போய்ப் பளபளவென்று வெளியே வந்தவை. எங்கள் வீட்டில் வெள்ளம் வந்தால் நாங்கள் மூழ்கினாலும் காகிதங்கள் மிதந்து தப்பிவிடும்.

சும்மா சொல்லக்கூடாது, காரணம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் ஊர்த் தீவிலிருந்து படகில் தப்பிக் கடந்தபோது அவருடைய பிறப்புச் சான்றிதழ் நனைந்து கூழாகிவிட்டது. நோர்வேயில் வந்து இறங்கியதும் பிறந்த திகதியைக் கேட்டார்கள். இவர் ஆவணி மாதத்துத் திகதி ஒன்றைச் சொன்னார். காகிதம் எங்கே என்றார்கள். இல்லையென்றதும் ஜனவரி முதலாம் திகதி என்று எழுதிவிட்டார்கள். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வரும் ஆண்களில் இப்படி ஜனவரி ஒன்றில் பிறப்பிக்கப்பட்டவர்கள் கோயிலில் உட்காரும் வாங்கு ஒன்று நிறைய இருக்கிறார்கள். புதுவருடப் பூசை முடிய ஒருவருக்கொருவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள். இவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில். இவர் அங்கிருந்து பஸ்ஸில் ரயில் நிலையத்துக்குப் போய், ரயிலேறி ரொட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். ஒஸ்லோ நிலையங்களில் வழிமறிக்கும் கதவுகள் கிடையாது. சீட்டு இருக்கிறவரும் ஏறலாம், இல்லாதவரும் ஏறலாம். எப்போதாவது பரிசோதகர்கள் ஏறுவார்கள், சீட்டில்லாதவர் அகப்பட்டால் தண்டம் எழுதுவார்கள். என் கணவருக்கு அவர்கள் வரும் நாள் பெருநாள். முதுகில் கறுப்புப் பட்டி ஓடிய அந்தப் பிளாஸ்டிக் மாத அட்டையை, கேட்பதற்கு முன்பே எழும்பி நின்று நீட்டுவார். "நான் இந்த நாட்டிலை ஒரு நாளும் தண்டம் கட்டினதில்லை" என்பதை, மற்றவர்கள் தங்கள் பட்டத்தைச் சொல்வதுபோல விருந்தாளிகளுக்குச் சொல்லுவார். வந்தவர்களும் பாவம், தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. பட்டி அட்டை இனி இல்லை. கைபேசியில் செயலியைப் போட்டுக்கொள்ளவேண்டும். அது முடியாதவர்கள் கடையில் பார்கோட் அச்சடித்த காகிதச் சீட்டு வாங்கலாம். எழுதியவர் யாரோ, எளிமை, எளிமை என்று வரிக்கு வரி தூவியிருந்தார். ஒரு சாமான் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் இந்தப் பெரிய மனிதர்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும்.

மகள் போனில் கெஞ்சினாள். "அப்பா, அந்த அப்பை இறக்குங்கோ. கண்ணை மூடி முழிக்க முதல் முடிஞ்சிடும்."

"குளிருக்குப் போன் செத்துப்போச்செண்டா? செத்த போனைக் காட்டிக்கொண்டு நான் கள்ளன் மாதிரி நிக்கிறதோ?"

"அப்பா, நீங்கள் ஹெல்ட் உமூலி" என்றாள் அவள். துப்புரவாகத் திருத்தமுடியாதவர் என்று அர்த்தம். அந்த ஒரு விஷயத்தில் தாயும் மகளும் என்றைக்கும் ஒரே கட்சி.

ஆகவே காகிதம். கடையில் சாமான் வாங்கினால் தருவார்களே ஒரு மெல்லிய துண்டு, அதேதான். அதில் கொஞ்சம் கோடுகள். இவர் அதை மேசையில் வைத்து அவமானப்பட்டவர்போலப் பார்த்தார். "இதையோ ஒரு மாசம் வைச்சிருக்கிறது? ஒருக்காத் தும்மினாப் பறந்திடும்."

நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து மெஷின் உறுமுகிற சத்தம் கேட்டது. கத்தியோடு ஓடினேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு இந்தக் காகிதம் தெரியும். இரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் துப்புகிற துண்டை ஹீட்டருக்கு மேலே வைத்தால் போதும், கரிக்கட்டைதான். அதில் மையே கிடையாது. சூடு பட்ட இடமெல்லாம் கறுக்கும்.

"இஞ்சேருங்கோ! உங்களுக்கென்ன விசரே? எடுங்கோ அதை!"

எங்கே எடுக்கிறது? மெஷின் விழுங்கி முடித்து மறுபக்கத்தால் நிதானமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான்கு ஓரமும் மினுமினுக்க, நடுவில் முழுக்கக் கறுப்பு. மாதாவே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் அதை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். இந்தப் பக்கம் சரித்தார், அந்தப் பக்கம் சரித்தார்.

"கோடு தெரியுது."

"எங்கை?"

"சரிச்சுப் பாரும். மெஷினுக்கு எங்கடை கண்ணைவிடக் கூர்மை. அது பிடிச்சிடும்."

"கோதாரி, போய் இன்னொண்டை வாங்குங்கோவன்."

"ரிக்கற் வைச்சிருக்கிறவன் ஏன் இன்னொண்டு வாங்கவேணும்? வாங்கினா இது பொய் எண்டெல்லோ வரும்?"

இந்த நியாயத்துக்கு முன்னால் நான் என்ன செய்வேன்! அந்தக் கறுத்த தகட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார், வந்தார். அந்த நாட்களில் ஒரு பரிசோதகரும் ஏறவில்லை. யாரும் பிடிக்காததைத் தன் கட்சி வென்றதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

இப்படியிருக்கையில் சம்பந்திமார் வந்தார்கள். மகள் கட்டப்போகிற நோர்வேக்காரப் பொடியனின் தாயும் தகப்பனும். ஸ்தவாங்கர் நகரத்தில் இருக்கிறவர்கள், அவர் எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பு எங்கள் வீட்டில். என் கணவர் வெளியே சொல்லவில்லை, ஆனாலும் அவர் எதற்காகத் தவித்தார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் தன்னைப் பாவப்பட்ட அகதியாகப் பார்க்கக்கூடாது. எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிற, கை நீட்டாத, தன்னோடு சரிசமமாக இருக்கத்தக்க ஆளாகப் பார்க்கவேண்டும். மகளுக்குத் தன்னால் ஒரு தலைகுனிவும் வரக்கூடாது. அதற்காகக் கழுத்துப்பட்டி கட்டி வேர்த்துக்கொண்டிருந்தார்.

நான் உறைப்பில்லாமல் ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். அதைக் கறி என்று சொல்ல எனக்கே வெட்கம். சம்பந்தி மூக்கு வழியத் தின்றார், பாராட்டினார், இலங்கை விடுமுறைக்கு அருமையான நாடு என்று எங்களுக்கே சொல்லித் தந்தார். "நீங்கள் அடிக்கடி போய்வருவீர்கள்தானே?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க, கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

இரவுச் சாப்பாடு நகரத்தில், மகளும் பொடியனும் புதிதாக எடுத்த வீட்டில். நல்ல பனி, அங்கே கார் நிறுத்தத் தரிப்பிடமும் கிடையாது என்பதால் நாங்கள் நான்கு பேரும் ரயிலில் புறப்பட்டோம். சம்பந்தியம்மாவிடமும் என்னிடமும் சீட்டு கைபேசியில் இருந்தது. சம்பந்தி, ஏறியபிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றவர் கதையிலேயே இருந்துவிட்டார். கதவு மூட, இரண்டு பரிசோதகர்கள் பெட்டிக்குள் நின்றார்கள்.

சிவந்த தாடி வைத்த இளைஞன் முதலில் சம்பந்தியிடம் வந்தான். அவர் கைபேசியை அமத்தினார். அது எழும்பவில்லை.

"குளிரில் செத்துவிட்டது" என்று திரையைத் தூக்கிக் காட்டினார்.

இளைஞன் சிரித்தான். "என்னுடையதும் இப்படித்தான். அடுத்த முறை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்." அவ்வளவுதான். அலுவல் முடிந்தது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். என் கணவர் ஏற்கெனவே எழும்பி, நற்கருணை வாங்கப் போகிறவர்போல இரண்டு கையாலும் அந்தத் தகட்டை நீட்டிக்கொண்டு நின்றார். இளைஞன் கருவியைப் பிடித்தான். சிவப்பு. திருப்பிப் பிடித்தான். சிவப்பு.

"இது என்ன?"

"மாதச் சீட்டு."

"இதை யார் செய்தது?"

"நான்தான்" என்றார் என் கணவர். லமினேட் செய்ததைச் சொன்னார், பாவி மனிதர். கள்ளச் சீட்டுச் செய்ததாக எடுத்துக்கொண்ட இளைஞனின் முகம் மாறியது. மற்றப் பரிசோதகரைக் கூப்பிட்டான். அடையாள அட்டை கேட்டான். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தொழிற்சங்கக் கூட்டத்தில் முதலாளியோடு வாதாடுகிற அவருடைய நோர்ஸ்க் மொழி அந்த இடத்தில் உதிர்ந்துபோனது. சூடு, காகிதம், கறுப்பு என்று ஒவ்வொரு சொல்லாக விழுந்தது.

அப்போது சம்பந்தி எழும்பினார். "இவரை எனக்குத் தெரியும். நேர்மையான மனிதர்."

தெரியுமாம்! மத்தியானச் சாப்பாட்டிலிருந்து தெரியும். சீட்டு வாங்கினவருக்குச் சீட்டு வாங்காதவர் சாட்சி.

"உங்களுக்கு நல்ல மனம்" என்றான் இளைஞன். "ஆனால் விதி விதிதான்."

எனக்குக் கோபம் பெருவிரலில் பிடித்து உச்சிவரை ஏறியது. கலியாணப் பேச்சு, சம்பந்தி, ஸ்தவாங்கர், எல்லாம் மறந்துபோயிற்று. சம்பந்தியைக் கையால் காட்டிக்கொண்டு எழும்பினேன்.

"நல்லது. விதியென்றால் இவருக்கும் எழுது. இவரிடம் சீட்டே இல்லை. நீ சிரித்துவிட்டு விட்டாய். என் புருஷனிடம் காசு கொடுத்து வாங்கின சீட்டு இருக்கிறது, கறுத்துப் போயிருக்கிறது. கறுத்ததெல்லாம் களவு என்று உனக்கு எந்த விதியில் எழுதியிருக்கிறது?"

என் வாழ்நாளில் இவ்வளவு திருத்தமான நோர்ஸ்க் நான் பேசியதில்லை. சம்பந்தியம்மா யன்னலுக்கு வெளியே எதையோ தேடத் தொடங்கினார். சம்பந்தியின் முகம் காதுவரை சிவந்தது.

"இந்த அம்மா சொல்வது சரி. எனக்கும் எழுதுங்கள்" என்றார்.

இரண்டு பேருக்கும் எழுதினான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மத்திய நிலையத்தில் இறங்கி, போரில் வென்றவள்போல நடந்தேன். என் மனிதரைச் சரிசமமாக்கிக் காட்டிவிட்டேன் என்ற எண்ணம். ஆண்கள் இருவரும் முன்னால் போனார்கள், அவர்கள் கதைப்பது எனக்குக் கேட்டது.

"எனக்கு இது மூன்றாவது தடவை" என்று சம்பந்தி சிரித்தார். கூச்சம் அதற்குள் போய்விட்டிருந்தது. "உங்களுக்கு?"

"முதல் தடவை."

"அப்படியா, வாழ்த்துகள்! இப்போதுதான் நீங்கள் உண்மையான நோர்வேக்காரர். இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்ல நல்லதொரு கதை கிடைத்தது."

என் கணவர் நின்றுவிட்டார். சனம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போயிற்று. சம்பந்தியின் கோட்டுக் கையைப் பிடித்தார். கண் நிறைந்திருந்தது.

"தயவுசெய்து என் மகளுக்குச் சொல்லவேண்டாம்" என்றார்.

சம்பந்தி அவரை உற்றுப் பார்த்தார். சிரிப்பு இறங்கிவிட்டது. "சொல்லமாட்டேன்" என்றார். அவர்களுக்குப் பின்னால் நின்ற எனக்கு என்மேலும் உலகத்தின்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே தண்டம்தான் இருவருக்கும் எழுதப்பட்டது. ஒருவருக்கு அது பகிடி, மற்றவருக்கு மானம்.

மகள் ஓவனில் வைத்துச் சுட்ட மீனைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். "ரெயினிலை கரைச்சல் இல்லாமல் வந்தனீங்களோ, அப்பா?"

தமிழ் விளங்காவிட்டாலும் ரெயின் என்ற சொல் சம்பந்தியம்மாவுக்குப் பிடிபட்டிருக்கவேண்டும். "ஓ, ரயிலில்..." என்று தொடங்கினார். சம்பந்தி, தேவையில்லாத பெரிய குரலில், உப்பை இப்பக்கம் தரச் சொன்னார். நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

"ஓம் பிள்ளை" என்றார் என் கணவர். "ஒரு கரைச்சலும் இல்லை. ஆரும் ஒண்டும் கேக்கேல்லை."