எலி மூக்கோடு கோவில்பட்டியில்

அடுத்தவர் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைவதும் ஓர் உத்தியோகம்தான். புதுக் கருவியைச் சோதித்து வா என்று வெயிலில் விரட்டப்பட்ட சக பாவிகளுக்கு என் பாடு புரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அந்த வேலை. எலியின் மூக்கில் வாசனையைப் பிடிக்கும் புரதம் ஒன்றை ஈஸ்டில் வளர்த்து, நகத்தளவு தங்கத் தகட்டில் ஒட்டவைத்திருந்தார்கள். கெட்ட நிலக்கடலையின் காறல் வாடை பட்டால், அது மின்சாரமாகித் திரையில் கோடாக ஏறும். முதன்முறை அந்தக் கோடு ஏறியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கடலைமிட்டாய் போடும் செல்லத்தாய் அக்கா கூப்பிட்டுத்தான் கோவில்பட்டிக்குப் போனேன். ஒரு காய்ச்சலோடு அவருக்கு வாசனை அறியும் சக்தியே போய்விட்டது. காறல் எடுத்த நிலக்கடலைப் பருப்பு கலந்து ஒருமுறை சரக்கு திரும்பி வந்திருந்தது. இன்னொரு முறை வந்தால் கடைக்காரர்கள் கைவிட்டுவிடுவார்கள், அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

டவுன் பஸ்ஸில்

சூடு பட்டால் புரதம் செத்துப்போகும். ஆகவே தகட்டை ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "அண்ணாச்சி, போலியோ சொட்டு மருந்துதானே? பின்சீட்ல ஒரு கைப்பிள்ள இருக்கு, அதுக்கு முதல்ல ஊத்திட்டு இறங்குங்க!"

சாம்பிராணி

கருவியை மேசையில் பொருத்திவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. அக்கா காற்றிழுக்கும் குழாய்க்கு நேராகச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். புகைச் சூட்டில் புரதம் செத்து, கோடு தாறுமாறாக உச்சிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. தகடு பாழ். கையிலிருந்த ஒரே மாற்றுத் தகட்டை எடுக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்கோ முகமெல்லாம் சந்தோஷம்: "புது மிஷினுக்குப் பூசை போடாம சரக்கத் தொடலாமா தம்பி? பாருங்க, சாமி கும்பிட்டதும் எப்படி ஏறிட்டுன்னு!"

வியாபாரி அண்ணாச்சி

ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து பருப்பு கொண்டுவரும் வியாபாரி, மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். "மணமா இருக்கு தாயி, பயப்படாத" என்றார். எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. இது எலி மூக்கு என்று அவரிடம் சொல்லிவிட்டுக் குழாயை மூட்டைக்குள் விட்டேன். கோடு மெல்ல, ஆனால் நிற்காமல் ஏறியது. அக்கா மூச்சுவிடாமல் அதையே பார்த்தார்.

வியாபாரி நம்பவில்லை. மூட்டையின் அடியிலிருந்து நாலு பருப்பை எடுத்து உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தார். முகம் சுண்டிவிட்டது. எங்கள் மூக்குக்கெல்லாம் எட்டாததை அந்தத் துளித் தகடு எட்டிப் பிடித்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மூட்டைகளை வண்டியில் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டு அவர் புலம்பினார்: "கிட்டங்கில அடுக்கி வச்சிருந்ததுல எலி தின்னது போக மிச்சத்தத்தான் கொண்டாந்தேன், அதையும் எலியேதான் கழிச்சிருக்கு!"

வறுசட்டி

அவர் மாற்றிக் கொண்டுவந்த பருப்பில் கோடு அசையவில்லை. அக்கா நிம்மதியாக அடுப்பை மூட்டினார். கடலை வறுபட, பக்கத்தில் வெல்லப்பாகு கொதிக்க, எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "தம்பி, என் சட்டிக்கு நேரா ஒருக்கா பிடிங்க. வாசத்தக் கண்ணாலயாவது பாக்கேன்" என்றார். பிடித்தேன். கோடு படுத்தே கிடந்தது.

"இதுக்குக் காறல் மட்டும்தான் தெரியும்க்கா. வறுத்த வாசம், பாகு வாசம் எல்லாத்துக்கும் வேற வேற புரதம் வேணும். நம்ம மூக்குக்குள்ள அப்படி நூத்துக்கணக்குல இருக்கு" என்றேன். கரண்டியை நிறுத்திவிட்டு அக்கா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஒரு மூக்கு போச்சுன்னுதான் இத்தன நாளும் அழுதேன். நூத்துக்கணக்குலயா தம்பி போயிருக்கு?"

ஒரே ஒரு வாடையைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சிக்கூடமும் ஒரு பெட்டி ஐஸும் தேவைப்பட்ட எனக்கு, அன்று திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் மூத்திர நாற்றம்கூடப் பெரிய வரப்பிரசாதமாகத்தான் தோன்றியது.