மூன்றாம் எண் தாடி

கையகல அலுமினியப் பெட்டி. மூடியின் உட்புறம் கண்ணாடி, உள்ளே ரேசரும் பிரஷும். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சி, காலை ஏலத்துக்கு முன் அதைத் தராசின்மேல் திறந்துவைத்து முகம் மழிப்பார். படிப்பு முடித்து வேலை கிடைக்காத இரண்டு வருடம், அவர் கடை மூட்டைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

மனைவியை முன்னமே இழந்தவர். ஒரே மகளும் ஏழு வயதில், குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பெருகிய ஒரு மாலையில், அவர் பிடியிலிருந்தே போனாள். துக்க வீட்டில் பதினாறு நாள் கத்தி படக்கூடாது என்பது வழக்கம். அண்ணாச்சி மறுநாளே மழித்துக்கொண்டார். கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் ஏசியது. என்னிடம் மட்டும் சொன்னார்: "நான் முத்தங் குடுக்கப் போனா, குத்துதுப்பான்னு மூஞ்சியத் திருப்பிக்கிடுவாலே. அவ இல்லைன்னு விட்டுர முடியுமா?"

பிறகு சென்னைக்குப் போய் உதவி இயக்குநர் ஆனேன். இயக்குநரிடம் நல்ல பெயர் வாங்க இந்தக் கதையைச் சொன்னேன், மழிக்கிற காரணம் உட்பட. அவருக்குக் கண் கலங்கியது. ஆனால், "மழமழன்னு இருந்தா சோகம் எப்படிப்பா தெரியும்?" என்றார். படத்தில் அண்ணாச்சி பேச்சை இழந்து, அருவிக்கு மேலே குகையில் கிடந்து, குளிக்க வருகிறவர்கள்மீது கல்லெறிந்தார். மூன்று ஒட்டுத்தாடிகள் செய்தார்கள்: ஒரு மாதத்துக்கு, ஒரு வருடத்துக்கு, ஐந்து வருடத்துக்கு. எந்தக் காட்சிக்கு எந்த எண் என்று குறித்துவைப்பது என் வேலை. கூச்சமே இல்லாமல் செய்தேன். நம் படங்களில் துயரம் வந்தால் முதலில் மயிர்தான் வளர்கிறது. ஒற்றை ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று தெரியாமல், தினமும் மிஞ்சிய சோற்றை நாய்க்கு வைத்துவிட்டு வந்து, தொண்டை கிழிய ஏலம் கூறுகிற மனிதனை எந்த கேமராவுக்கும் பிடிப்பதில்லை.

படம் வெளியானதும் அண்ணாச்சி, "நம்ம தம்பி படம்" என்று லோடுமேன்களையெல்லாம் வேன் வைத்துத் தென்காசிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அன்று மாலை போன் வந்தது. "ஏலே, நான் எப்பம்லே கல்லெறிஞ்சேன்?"

"அது கேரக்டர், அண்ணாச்சி" என்று சிரித்து மழுப்பினேன்.

சந்தை படத்தைத்தான் நம்பியது. அவர் கையால் கொய்யாப்பழம் வாங்கித் தின்ற பிள்ளைகளைத் தாய்மார்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ராயகிரிப் பக்கத்து விவசாயிகள் அடுத்த கடைக்குச் சரக்கை இறக்கினார்கள். மகள் போனபின் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தச் சந்தை ஒன்றுதான். அதையும் நான் பறித்தேன்.

சில வருடங்கள் கழித்து, போன மாதம்தான் அவரைப் பார்க்கப் போனேன். கடையில் கூட்டமில்லை. அலுமினியப் பெட்டி தராசின்மேல்தான் இருந்தது. உள்ளே சாக்கு தைக்கிற ஊசிகள். அவர் நெஞ்சுவரை நரைத்த தாடி.

"என்ன அண்ணாச்சி இது?"

"இருக்கட்டும்லே. இப்படி இருந்தாத்தான் பிள்ளையப் பறிகொடுத்தவன்னு நம்புதானுவ."

எனக்கு அழுகை வரவில்லை. பாழாய்ப்போன பழக்கம், கண் அந்தத் தாடியை அளந்தது. மூன்றாம் எண்.