இருபத்தேழாவது பெயர்

பெயர்ப்பலகை செய்பவரின் கடை வாசலில் ஆண்பிள்ளைப் பெயர்கள் பொறித்த கீ செயின்கள் வரிசையாகத் தொங்கும். மூன்றாவது கொக்கி மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை காலியாகிவிடும். அதில் தொங்குவது அவருடைய சொந்தப் பெயர். அட்டையின் பின்னால் 'அரசன்' என்று பொருள் போட்டிருக்கும். "தடுக்கி விழுந்தா ஒரு அரசன் மேலதான் விழணும்" என்று அவரே சிரிப்பார்.

அந்தப் பெயரைத்தான் மகள் தன் பிள்ளைக்கு வைக்கப்போவதாகப் போனில் சொன்னாள். நாளைக்குப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"வேண்டாம்மா. ஊர்ல பாதி ஆளுக்கு இதான் பேரு. எங்கப்பா வாய்க்கு வந்ததை வச்சிட்டுப் போயிட்டார்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீங்களா?"

கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்தியது. மதியம் கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். அவர் பிறந்தபோது அக்காவுக்குப் பத்து வயது.

அக்கா தையல் மெஷினை நிறுத்தவே இல்லை.

"இதைக் கேக்கவா இந்த வெயில்ல வந்தே? அப்பா முதல்ல வச்சது வேற பேருடா. நீளமா, அழகா இருக்கும். மூணு நாள் வாசல்ல நின்னு கூப்பிட்டுப் பாத்தார். அவருக்குத்தான் திக்குமே, முதல் எழுத்தைத் தாண்ட முடியல. அப்புறம் ஒவ்வொரு பேரா சொல்லிப் பாத்தார். நான்தான் எண்ணிக்கிட்டு நின்னேன். இது இருபத்தேழாவது. தண்ணி மாதிரி வந்துச்சு."

கடைக்குப் போனால் வாயைத் திறக்காமல் வேண்டியதைக் கையால் காட்டுகிற மனிதர் அப்பா. அதே அப்பா சாயங்காலம் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பது இவருக்கு இப்போது காதில் கேட்டது.

"ஆமாக்கா... என்னைக் கூப்பிடும்போது மட்டும் திக்கினதே இல்ல."

"எப்படித் திக்கும்? நாலு பயலுக என்ன என்னன்னு ஓடி வருவானுங்க. நீ ஒருத்தன்தான் வரமாட்டே!"

படியில் இறங்கும்போதே மகளைப் போனில் கூப்பிட்டார். "மாப்பிள்ளைகிட்ட குடும்மா... மாப்பிள்ளை, பேருக்குப் பொருளெல்லாம் கிடக்கட்டும். பால்கனியில நின்னு ஒரு தடவை சத்தமா கூப்பிட்டுப் பாருங்க. வாய்க்கு நல்லா வருதா?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். பெயர் கணீரென்று வந்தது. கீழே தெருவிலிருந்து யாரோ, "என்ன சார், என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டதும் போன் வழியே அவர் காதில் விழுந்தது.

"அதையே எழுதிக் குடுங்க மாப்பிள்ளை" என்றார் அவர்.