எரிமலைமேல் பனி, பனிமேல் பிள்ளை

போன சனிக்கிழமை நான் ஒரு எரிமலையின் மேல் நின்றேன். கணவரின் தொழிற்சாலைக் குளிரறை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு... அது எனக்கு முழங்கால்வரை வந்தது. சிரிக்காதீர்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — வாசற்படியில் ஈரம் என்றால்கூட நாலு பேருக்குப் போன் பண்ணுகிறவள் நான். 'எரிமலையிலா? நீங்களா?' என்று கேட்பீர்கள். நானேதான்.

என் மகள் அபிக்கு ஒன்பது வயது. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் கேம்ப். பனிச்சறுக்கு பழக்க, வகுப்பையே மலைக்குக் கூட்டிப் போகிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். போன வருடம் சாம்பலைக் கக்கி விமானங்களையே நிறுத்திவைத்த ருவாப்பேஹு மலைக்கா? அதன் தலையில் ஏறி நின்று வழுக்குவதற்கா?

அபி அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது அழுவதைவிட மோசம்.

"இஞ்ச பாரும்," என்றார் இவர். "முதல்ல நாங்கள் கூட்டிக்கொண்டு போய்ப் பாப்பம். சரிவராட்டி கேம்ப் வேண்டாம். சரியோ?"

"ஓம்," என்றேன். சரிவராது என்ற நம்பிக்கையில்தான்!

விடியுமுன் லின்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். வழி முழுக்க மழை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பிறகு ஒரு வளைவு திரும்பியதும் மழை விட்டது... மலை! வெறும் புல்வெளியிலிருந்து தனியாக எழும்பி, வானம் முட்ட வெள்ளையாக நின்றது. இவர் காரில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார். ஃப்ரிட்ஜுக்குள் படிகிற பனிதான் நான் அதுவரை அறிந்த பனி. இப்படியும் இருக்குமா?

மேலே போனால் இன்னொரு அதிசயம். பால்பல் விழாத பிள்ளைகள், கையில் கோல்கூட இல்லாமல், சர்ரென்று சறுக்கிப் போகிறார்கள். ஒரு குஞ்சு குப்புற விழுந்தது. தாய்க்காரி கோப்பி குடித்துக்கொண்டே பார்த்தாள். ஓடவில்லை!

அபிக்கு நான் போட்டுவிட்டிருந்த கம்பளிகளில் அவளால் முழங்காலை மடக்க முடியவில்லை. பழக்க வந்த இளம்பெண் முதலில் அவளை வெங்காயம்போல உரித்தாள். உரித்த சட்டைகளையெல்லாம் நான் கையில் வாங்கிக்கொண்டேன்.

அபி சறுக்கத் தொடங்கினாள். "கவனம்! கவனம் பிள்ளை!" — மேலே நின்று கத்தினேன். திரும்பிப் பார்த்தாள். விழுந்தாள். எழும்பினாள். "கவனம்!" திரும்பினாள். விழுந்தாள். கடைசியில் பனியில் இருந்தவள் எழும்பவே இல்லை.

"ஐ கான்ட் டூ இட், அம்மா."

நான் நினைத்தது நடந்துவிட்டது. இனி கேம்ப் இல்லை. பிறகு ஏன் எனக்குச் சந்தோஷமே வரவில்லை?

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். கோபமில்லை. சறுக்கும்போது கண் போகிற பக்கம்தான் உடம்பும் போகுமாம். நான் கூப்பிடக் கூப்பிட அபி பின்னால் பார்க்கிறாளாம். கீழே கையைக் காட்டி, "அங்கே போய் நில்லுங்கள்," என்றாள்.

சரிவில் ஒரு பொருள் எப்படி இறங்கும் என்ற பாடமெல்லாம் நான் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நடந்திருக்கும். ஆனால் இது எனக்கு விளங்கியது. நாங்கள் எல்லாரும் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுதானே கத்துகிறோம்?

இறங்கினேன். பாதி நடந்து, பாதி பனியில் குந்தியிருந்து இழுபட்டு. "உமக்கும் ஒரு சோடி ஸ்கீ வாடகைக்கு எடுப்பமோ?" என்று மேலிருந்து இவருடைய குரல்.

கீழே நின்று நிமிர்ந்து பார்த்தேன். எவ்வளவு பெரிய வெள்ளை! அதன் நடுவில் சிவப்புப் புள்ளியாக என் பிள்ளை. கத்த வாய் திறந்தது. கையுறையால் பொத்திக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். புறப்பட்டாள்.

முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பனி மெல்லச் சீறச் சீற வந்தாள். அந்த முகம்... காய்ச்சல் முகம் தெரியும், தூங்கும் முகம் தெரியும், சோதனைக்குப் போகிற முகமும் தெரியும். இது நான் பார்த்தே இராத முகம். பயமில்லாத என் மகள் இப்படித்தான் இருப்பாளா? இரண்டு கையையும் விரித்தேன். கிட்ட வந்தவள் சட்டென்று கண்ணைப் பக்கத்துக்குத் திருப்பினாள் — என்னைச் சுற்றிக்கொண்டு ஒரு வளைவு வளைந்து, தானாகவே நின்றாள்.

"அம்மா! டிட் யூ சீ தட்?"

பார்த்தேன்.

இவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "என்ன, கேம்புக்கு விடுறீரோ?"

தலையை ஆட்டினேன்.

அடுத்த மாதம் அபி போகிறாள். கவலைப்படுவதற்கு நான் மலைவரை போகத் தேவையில்லை — அதை வீட்டில் இருந்தே நன்றாகச் செய்வேன்!